வலிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள்: தலை, கழுத்து பற்றிச் செட்டிநாட்டு வாசகர்களின் கேள்விகள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்திலிருந்து வந்தவை. அவற்றுள் கழுத்தையும் அதற்கு மேலுள்ள உறுப்புகளையும் பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறேன். வலியைப் பற்றி எழுதியவர்கள் ஏற்கெனவே மருத்துவர்களைப் பார்த்துவிட்டு, கையில் எக்ஸ்ரேயும் வைத்திருக்கிறார்கள். வலியில்லாத கட்டியையும் தடிப்பையும் பற்றி எழுதியவர்களோ மாதக்கணக்கில் பொறுத்திருந்துவிட்டு, முதன்முதலாக இந்தப் பகுதிக்குத்தான் எழுதுகிறார்கள். தலை, கழுத்து நோய்களைப் பொறுத்தவரை இந்த அவசரமும் இந்தப் பொறுமையும் இடம் மாறியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணங்கள் கீழே உள்ள பதில்களில் ஆங்காங்கே வரும்.

கேள்வி: என் கணவரின் அறுபதாம் கல்யாணத்தில் கழுத்துரு அணிந்து எடுத்த படங்களைப் பார்த்த என் மகள், "ஆத்தா, உங்கள் கழுத்தில் ஒரு பக்கம் புடைப்பாகத் தெரிகிறதே" என்றாள். கண்ணாடியில் பார்த்தால், தொண்டைக்குழிக்குச் சற்று மேலே வலது பக்கத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி உள்ளது. வலி இல்லை, விழுங்குவதிலும் சிரமம் இல்லை. இரத்தத்தில் டி.எஸ்.எச். அளவு சரியாக இருப்பதால் தைராய்டு கோளாறு இல்லை என்று இருந்துவிடலாமா? எங்கள் வீட்டில் கல்லுப்புதான் பயன்படுத்துகிறோம். அது காரணமாக இருக்குமா?
— வாசகி, கானாடுகாத்தான்

பதில்: இருந்துவிடக் கூடாது அம்மா. டி.எஸ்.எச். என்பது சுரப்பி போதிய அளவு வேலை செய்கிறதா என்பதைக் காட்டும் அளவு. அந்தச் சுரப்பியில் கட்டி இருக்கிறதா, அது எத்தகைய கட்டி என்பதை அது காட்டாது. தைராய்டில் கட்டி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு டி.எஸ்.எச். இயல்பாகவே இருக்கும்.

முதலில் அது தைராய்டுக் கட்டிதானா என்று பார்க்க வேண்டும். தைராய்டு ஏறத்தாழ 20 கிராம் எடையுள்ள சுரப்பி. மூச்சுக்குழாயின் இரு பக்கங்களிலும் ஒவ்வொரு மடலாகவும், இரண்டாவது முதல் நான்காவது வரையான குருத்தெலும்பு வளையங்களுக்கு முன்னால் அவ்விரு மடல்களையும் இணைக்கும் குறுகிய பட்டையாகவும் அது அமைந்துள்ளது. குரல்வளையோடும் மூச்சுக்குழாயோடும் இறுகப் பிணைக்கப்பட்டிருப்பதால், நாம் விழுங்கும்போது குரல்வளை மேலே ஏறினால் சுரப்பியும் கூடவே ஏறி இறங்கும். வீட்டில் பகல் வேளையில் முற்றத்து வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வளவில் உட்கார்ந்து, கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சற்றே பின்னால் சாய்த்து ஒரு மடக்குத் தண்ணீரை விழுங்குங்கள். புடைப்பு மேலே ஏறி இறங்கினால், அது தைராய்டைச் சேர்ந்ததாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். கழுத்தின் நடுக்கோட்டில் உள்ள கட்டி, நாக்கை வெளியே நீட்டும்போதும் மேலே ஏறினால், அது கருவில் தைராய்டு நாக்கின் அடியிலிருந்து கீழிறங்கிய பாதையில் மிஞ்சிய நீர்க்கட்டியாக இருக்கலாம். உங்களுடையது பக்கவாட்டில் இருப்பதால் அதற்கு வாய்ப்புக் குறைவு.

மருத்துவர் உங்களுக்குப் பின்னால் நின்று, இரு கைவிரல்களையும் முன்கழுத்தில் வைத்து, மீண்டும் விழுங்கச் சொல்வார். கட்டி ஒன்றா பலவா, மெத்தென்று இருக்கிறதா கெட்டியாக இருக்கிறதா, அதன் கீழ் விளிம்பு விரலுக்கு எட்டுகிறதா அல்லது மார்பெலும்புக்குப் பின்னால் இறங்கிவிட்டதா, மூச்சுக்குழாய் ஒரு பக்கமாக ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பதையெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் அவர் அறிந்துகொள்வார். இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிச் சிறிது நேரம் வைத்திருக்கச் சொன்னால் வியப்படைய வேண்டாம். அப்போது முகம் சிவந்து மூச்சுத் திணறினால், கழலை, அதாவது வீங்கிய தைராய்டு, மார்புக்குள் இறங்கி இரத்தக் குழாய்களை அழுத்துகிறது என்று பொருள். பெம்பர்ட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1946-இல் விவரித்த இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை.

அடுத்தது அல்ட்ராசவுண்டு. அதில் கட்டியின் தோற்றம் சந்தேகத்துக்குரியதாகவும், அளவு பொதுவாக 1 செ.மீ.க்கு மேலும் இருந்தால், மெல்லிய ஊசியால் சில உயிரணுக்களை உறிஞ்சி எடுத்துச் சோதிக்கும் எஃப்.என்.ஏ.சி. தேவைப்படும். ஊசி குத்தினால் கட்டி பரவிவிடும் என்று உறவினர்கள் சொல்வார்கள். தைராய்டைப் பொறுத்தவரை அப்படி நேர்வது மிக மிக அரிது, அந்த அச்சத்தால் சோதனையைத் தள்ளிப்போடுவதில் உள்ள ஆபத்தே பெரிது. தைராய்டுக் கட்டிகள் பத்தில் ஒன்பது புற்று அல்லாதவை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். கட்டி வேகமாக வளர்வது, கல்போல் இறுகியிருப்பது, குரல் கம்முவது, பக்கக் கழுத்தில் நெறிகட்டுவது, குடும்பத்தில் தைராய்டுப் புற்று இருப்பது, சிறுவயதில் கழுத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றிருப்பது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் ஒரு வாரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

ஒருவேளை அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால், அதற்காக இப்போதே கலங்க வேண்டாம். தைராய்டு அறுவையில் உயிரிழப்பு வெகு சாதாரணமாக இருந்த காலம் ஒன்று இருந்தது. சுவிட்சர்லாந்தின் தியோடர் கோக்கர் அதை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்தார், 1909-இல் நோபல் பரிசும் பெற்றார். இன்று அறுவை மருத்துவர் பெரிதும் கவனம் கொள்வது, சுரப்பிக்குப் பின்னால் குரல்நாண்களுக்குச் செல்லும் நரம்பையும், கால்சியத்தை ஒழுங்குபடுத்தும் நான்கு சிறு சுரப்பிகளையும் காப்பாற்றுவதில்தான்.

உப்பைப் பற்றி: வளர்ந்தவருக்கு நாள் ஒன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும், கருவுற்றவருக்கு 250. நேரடியாக உண்பதற்கான உப்பை அயோடின் சேர்க்காமல் விற்பது 2006 மே முதல் நாடெங்கும் தடைசெய்யப்பட்டிருந்தாலும், அளந்து விற்கும் கல்லுப்பில் அயோடின் இல்லாமல் இருப்பது இன்றும் உண்டு. அயோடின் சேர்த்த கல்லுப்பும் பொட்டலமாகக் கிடைக்கிறது. அதை வாங்கி, ஈரம் புகாத மூடிய ஜாடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இது வீட்டிலுள்ள பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பயன்படும் ஏற்பாடு. உங்கள் கழுத்தில் ஏற்கெனவே உள்ள கட்டியை உப்பை மாற்றிக் கரைக்க முடியாது.

கேள்வி: குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்திய பிறகு, என் 4 வயதுப் பேரனுக்குப் பிடரியிலும் காதுக்குப் பின்னாலும் பட்டாணி அளவில் நெறி கட்டியிருக்கிறது; தொட்டால் அழுகிறான். எங்கள் வீட்டில் வேலை செய்யும் 26 வயதுப் பெண்ணுக்கும் கழுத்தின் பக்கவாட்டில் இரண்டு மாதமாகக் கட்டி உள்ளது. அவளுக்கு வலி இல்லை; மாலையில் உடம்பு சுடுகிறது என்கிறாள், பற்றுப் போட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டும் ஒன்றுதானா?
— வாசகர், தேவகோட்டை

பதில்: அழுகிற பேரனைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அழாத அந்தப் பெண்ணைப் பற்றித்தான் கவலை.

உடலில் உள்ள சுமார் 800 நிணநீர் முடிச்சுகளில் 300 வரை கழுத்திலேயே உள்ளன என்று உடற்கூறு நூல்கள் கணக்குச் சொல்கின்றன. ஒவ்வொரு கூட்டமும் தலையின் ஒரு பகுதியிலிருந்து வரும் நிணநீரை வடிகட்டுகிறது. உச்சந்தலையின் பின்பகுதியில் சவரக் கத்தி கீறினாலும், பேன் கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணானாலும் பிடரியிலும் காதுக்குப் பின்னாலும் நெறி கட்டும்; பல் சொத்தைக்குத் தாடைக்குக் கீழேயும், தொண்டை அழற்சிக்குத் தாடைக் கோணத்துக்குக் கீழேயும் கட்டும். ஆகவே நெறியைத் தொட்டுப் பார்த்த கையோடு, அது எந்தப் பகுதிக்குக் காவல் இருக்கிறதோ அந்தப் பகுதியையும் பார்ப்பதே சரியான பரிசோதனை. பேரனின் தலையிலும் காதுத் துளையிலும் புண் இருக்கிறதா என்று பார்த்து அதற்குச் சிகிச்சை செய்யுங்கள். நெறி சில வாரங்களில் சுருங்கும். சிறுவர்களுக்கு 1 செ.மீ.க்கு உட்பட்ட, நகரக்கூடிய சிறு முடிச்சுகள் கையில் தட்டுப்படுவது இயல்பு. ஆறு வாரத்துக்குப் பிறகும் குறையாவிட்டாலோ, 2 செ.மீ.க்கு மேல் பெருத்தாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு நீங்கள் எழுதியுள்ள அடையாளங்கள், நம் ஊரில் கண்டமாலை என்று அறியப்பட்ட காசநோய் நெறியை நினைக்க வைக்கின்றன. அதில் முடிச்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக இருக்கும். சூடோ சிவப்போ இல்லாமல் மெல்ல இளகிச் சீழ் கொள்ளும். வலி குறைவாகவே இருக்கும். எடை குறைந்திருக்கிறதா, இரவில் வியர்க்கிறதா என்று கேளுங்கள். பற்றுப் போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். கட்டியை யாரேனும் கீறி விட்டால் ஆறாத புரையாகிப் பல மாதங்கள் ஒழுகும் என்பதால் அதற்கும் இடம் கொடுக்கக் கூடாது. ஊசியால் எடுத்த திரவத்தை உயிரணுப் பரிசோதனைக்கும், காசநோய்க் கிருமியைக் கண்டறியும் சி.பி. நாட் சோதனைக்கும் அனுப்புவார்கள். அரசு மருத்துவமனைகளில் இதுவும் மருந்தும் இலவசம். காசநோய் என்று உறுதியானால் பொதுவாக ஆறு மாதச் சிகிச்சை. சிகிச்சையின் நடுவிலேயே கட்டி சற்றுப் பெருக்கக்கூடும். மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணி நிறுத்திவிடக் கூடாது. சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மத்திய அரசு மாதம் 1000 ரூபாய் வழங்குகிறது. 2024 நவம்பர் வரை இது 500 ரூபாயாக இருந்தது. நுரையீரலில் நோய் இல்லாதவரை, கழுத்து நெறியிலிருந்து வீட்டிலுள்ளவர்களுக்கு நோய் தொற்றாது; அதை உறுதிசெய்ய ஒரு மார்பு எக்ஸ்ரே போதும். ஆகவே, தயவுசெய்து அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தாதீர்கள்; மருத்துவமனைக்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.

நெறியின் கெட்டித் தன்மையை அறிய மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஓர் எளிய வழி உண்டு: உதட்டைத் தொடுவதுபோல் மெத்தென்று இருக்கிறதா, மூக்கின் நுனிபோல் இருக்கிறதா, நெற்றிபோல் இறுகியிருக்கிறதா என்று பார்ப்பது. நெற்றிபோல் இறுகி, அடியோடு ஒட்டிக்கொண்டு நகராமல், வலியும் இல்லாமல் இருக்கும் கட்டி, ஐம்பதைக் கடந்த ஒருவரின் கழுத்தில் இருந்தால், வாய், தொண்டை, மூக்கின் பின்பகுதி ஆகியவற்றை முழுமையாகச் சோதிக்கும் வரை அதைப் புற்று என்றே கருதிச் செயல்பட வேண்டும். இடப்பக்கக் காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் கட்டி தட்டுப்பட்டால், நோய் வயிற்றில் இருக்கலாம். இரைப்பைப் புற்றுக்கும் இந்த முடிச்சுக்கும் உள்ள தொடர்பை ஜெர்மனியின் விர்ச்சோ 1848-இலேயே குறித்தார்.

கேள்வி: நான் கல்யாண வீடுகளில் சமையல் வேலை செய்பவன், வயது 44. புகையிலையைத் தொட்டதே இல்லை. அடுப்படியில் தூக்கம் வராமல் இருக்கப் பாக்கும் சீவலும் மட்டும் இருபது ஆண்டுகளாக மெல்கிறேன். ஓராண்டாகக் காரம் பட்டாலே வாய் எரிகிறது. குழம்பை நாக்கில் வைத்து ருசி பார்க்க முடியவில்லை. வாயும் முன்போல் திறக்கவில்லை, ஆனால் வலி கிடையாது. பாக்கை விட்டால் சரியாகிவிடுமா?
— வாசகர், காரைக்குடி

பதில்: உங்கள் தொழிலே உங்களுக்கு முன்னெச்சரிக்கை தந்திருக்கிறது. காரம் தாங்காமல் போவதுதான் இந்த நோயின் முதல் அடையாளங்களில் ஒன்று; நாள் முழுவதும் மசாலாவை ருசி பார்ப்பவருக்கு அது மற்றவர்களைவிட முன்னதாகவே தெரிந்துவிடுகிறது.

நீங்கள் விவரிப்பது வாயின் உட்தோலுக்கு அடியில் நார்த்திசு படிந்து இறுகும் நோய். இதற்கு முதன்மைக் காரணம் புகையிலை அல்ல, பாக்கேதான். பாக்கில் உள்ள அரிகோலின் போன்ற வேதிப்பொருள்கள், நார்த்திசுவை உண்டாக்கும் உயிரணுக்களைத் தூண்டுகின்றன. படிந்த நாரைக் கரைத்து அகற்றும் வேலையும் தடைபடுகிறது. நாளடைவில் கன்னத்தின் உட்புறம் சலவைக்கல் போல் வெளிறி, விரலால் தடவினால் கயிறு ஓடுவதுபோல் பட்டைகள் தட்டுப்படும். நாக்கை முழுதாக நீட்ட முடியாது, சீழ்க்கை அடிக்க வராது. கண்ணாடி முன் நின்று, உங்கள் கையின் நடு மூன்று விரல்களைச் சேர்த்துச் செங்குத்தாக மேல் கீழ் முன்பற்களுக்கு இடையே நுழைத்துப் பாருங்கள். வளர்ந்த ஒருவரின் வாய் பொதுவாக 35 மி.மீ.க்குக் குறையாமல் திறக்கும். மூன்று விரல் நுழைந்தால் சரி, இரண்டு மட்டுமே நுழைந்தால் நோய் வெகுவாக முன்னேறியிருக்கிறது.

பாக்கை விட்டால் சரியாகுமா என்று கேட்கிறீர்கள். எரிச்சல் தணியும், நோய் மேலும் இறுகுவது மட்டுப்படும். ஆனால் படிந்த நார் முழுவதுமாகக் கரைவதில்லை. வாய் திறக்கும் பயிற்சிகள், கன்னத்துக்குள் போடும் ஊசிகள், தேவைப்பட்டால் அறுவை ஆகியவை இழந்த அகலத்தில் ஒரு பகுதியை மீட்டுத் தரும். இவற்றைவிட முக்கியமான செய்தி, இந்த நோய் உள்ளவர்களில் ஒரு பங்கினருக்குப் பின்னாளில் வாய்ப்புற்று உண்டாகிறது என்பது. ஆகவே பாக்கை விட்ட பிறகும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது வாயைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வாய் திறப்பது குறையக் குறைய, உள்ளே புற்று தோன்றினாலும் அதைப் பார்ப்பதே கடினமாகிவிடும்.

தாம்பூலம் இல்லாமல் இங்கே எந்தச் சடங்கும் நிறைவு பெறுவதில்லை என்பதை அறிவேன். தாம்பூலத் தட்டு வைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; தட்டில் உள்ள பாக்கு வாய்க்குள் போவதைத்தான் தடுக்கச் சொல்கிறேன். புகையிலை சேராத பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கை தெளிவாகவே கூறிவிட்டது. தமிழ்நாட்டில் 2013-இல் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தடை வந்தபோது, சீவல் மட்டும் பாதுகாப்பானது என்ற எண்ணம் பலரிடம் தங்கிவிட்டது. அது தவறான எண்ணம். இரவில் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே உறங்கும் பழக்கம் எல்லாவற்றிலும் கொடியது.

வாயை வீட்டிலேயே பார்ப்பதற்கு டார்ச் விளக்கும் கண்ணாடியும் போதும். பல்செட் இருந்தால் கழற்றிவிட்டு, இரு கன்னங்களின் உட்புறம், ஈறுக்கும் கன்னத்துக்கும் இடையே உள்ள பள்ளம், நாக்கின் இரு விளிம்புகள், நாக்கைத் தூக்கினால் தெரியும் தரை, மேல் அண்ணம் ஆகியவற்றைப் பாருங்கள். தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இவற்றில் எது இருந்தாலும் காட்ட வேண்டும். சிவப்புத் திட்டு வெள்ளையைவிட அரிது, ஆனால் அதைவிட ஆபத்து மிகுந்தது. இவை மூன்றும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. வலி என்ற ஒன்று வரும்வரை காத்திருப்பவர்களை நாங்கள் பார்ப்பதற்குள், நோய் தாடை எலும்பையோ கழுத்து நெறியையோ எட்டியிருக்கும்.

கேள்வி: புதுவயல் அரிசி ஆலையில் முப்பது ஆண்டுகளாகத் தலையிலும் பிடரியிலும் மூட்டை சுமந்தவன் நான். கழுத்தில் தீராத வலி. எக்ஸ்ரேயில் எலும்பு தேய்ந்துவிட்டதாகச் சொல்லிக் கழுத்துப் பட்டை கொடுத்தார்கள். எட்டு மாதமாகப் போட்டிருக்கிறேன். நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்றுபோவதும் இப்போது புதிதாக வந்திருக்கிறது. அது வயதுக் கோளாறு என்கிறார்கள்.
— வாசகர், புதுவயல்

பதில்: கடிதத்தின் பெரும்பகுதியை வலிக்குக் கொடுத்துவிட்டுச் செருப்பைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியிலிருந்து தொடங்குகிறேன்.

கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் உள்ளன. குனிந்தால் பிடரியின் அடியில் விரலுக்குத் துருத்தித் தட்டுப்படுவது பெரும்பாலும் ஏழாவது. இந்த எலும்புகளின் நடுவே உள்ள வாய்க்காலில் தண்டுவடம் இறங்குகிறது; பக்கத் துவாரங்கள் வழியே கைகளுக்கான நரம்புகள் வெளியேறுகின்றன. தேய்ந்த வட்டும் வளர்ந்த எலும்பு முனையும் பக்க நரம்பை அழுத்தினால் கையில் வலி ஓடும்: ஆறாவது நரம்பானால் கட்டைவிரல் பக்கம், ஏழாவதானால் நடுவிரல், எட்டாவதானால் சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போகும். இது தொல்லை தருவது, ஆனால் பெரும்பாலும் சில மாதங்களில் தணிந்துவிடுவது. தண்டுவடத்தையே அழுத்தினால் நிலைமை வேறு. அப்போது வலி குறைவாகவோ இல்லாமலோ இருக்கலாம். சட்டைப் பொத்தானைப் போட விரல்கள் தடுமாறும், காலில் விறைப்பு ஏறும், செருப்பு கழன்றது தெரியாது, பின்னர் சிறுநீரை அடக்க முடியாமல் போகும். ஒரு கையை 10 நொடிகளில் எத்தனை முறை முழுதாக மூடித் திறக்க முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். 20 முறைக்கு வெகுவாகக் குறைந்தால் அதுவும் ஓர் அடையாளம். உங்களுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் நரம்பியல் அல்லது முதுகுத்தண்டு மருத்துவரின் பரிசோதனையும் தாமதமின்றி வேண்டும். அதுவரை தலையில் ஒரு மூட்டைகூட ஏற்றக் கூடாது. தண்டுவடம் நசுங்கிக் கிடக்கும் காலம் நீள நீள, அறுவைக்குப் பிறகு திரும்பக் கிடைக்கும் பலம் குறைந்துகொண்டே போகும்.

எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானத்தை மட்டும் வைத்து யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஐம்பதைக் கடந்தவர்களில் பெரும்பாலோருக்கு, வலியே இல்லாதவர்களுக்கும்கூட, அது தெரியும். வெறும் கழுத்துவலிக்கு மாதக்கணக்கில் பட்டை போடுவதும் நல்லதல்ல. நான்கைந்து கிலோ எடையுள்ள தலையைத் தாங்கும் தசைகள் அதனால் பலவீனமடைகின்றன. உங்கள் பட்டையை மட்டும் ஸ்கேன் முடிவு வரும்வரை மருத்துவரைக் கேட்காமல் கழற்ற வேண்டாம்.

கேள்வி: சலூனில் முடி வெட்டியதும் கழுத்தை இரு பக்கமும் திருப்பி நெட்டி எடுக்கிறார்கள். சுகமாகத்தான் இருக்கிறது. ஆபத்து உண்டா?
— வாசகர், திருப்பத்தூர்

பதில்: உண்டு. மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் கொண்டுசெல்லும் இரு தமனிகள் கழுத்து எலும்புகளின் பக்கத் துளைகள் வழியாகவே மேலேறுகின்றன. சட்டென்று முறுக்கும்போது அவற்றின் உட்சுவர் கிழிந்து, இரத்தம் உறைந்து, பக்கவாதம் வரக்கூடும். இது அரிது, ஆனால் இளைஞர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. தலையை வருடி விடட்டும், தோளைப் பிடித்து விடட்டும். கழுத்தைத் திருப்ப மட்டும் விடாதீர்கள்.

கேள்வி: என் அப்பச்சிக்கு 63 வயது, சர்க்கரை நோய் உண்டு. இராமேசுவரம் போய் இரவுப் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்து வந்தார். மறுநாள் காலையில் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. காற்றுப் பட்டதால் வந்தது என்று எண்ணெய் தடவினோம்; மூன்றாம் நாள்தான் மருத்துவமனைக்குப் போனோம். முகவாதம்தான், பயமில்லை என்றார்கள். இதை வீட்டிலேயே எப்படி அறிவது?
— வாசகி, பள்ளத்தூர்

பதில்: வீட்டில் அறிந்துகொள்ள ஒரு வழி உண்டு, ஆனால் அதை வைத்து வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முகத் தசைகளை இயக்கும் ஏழாவது கபால நரம்பு மூளைத்தண்டில் தொடங்கி, காதுக்குப் பின்னால் எலும்புக்குள் ஒரு குறுகிய குழாய் வழியே வந்து முகத்தில் விரிகிறது. அந்தக் குழாய்க்குள் நரம்பு வீங்கிச் செயலிழப்பதே முகவாதம். ஸ்காட்லாந்தின் சார்லஸ் பெல் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை விவரித்ததால் அவர் பெயரால் வழங்குகிறது. நரம்பு முழுவதும் பாதிக்கப்படுவதால் நெற்றியில் சுருக்கம் விழாது, கண்ணும் மூடாது, வாயும் கோணும். பக்கவாதத்தில் கோளாறு மூளையில் இருக்கிறது. நெற்றித் தசைக்கு மூளையின் இரு பாதிகளிலிருந்தும் கட்டளை வருவதால், ஒரு பாதி செயலிழந்தாலும் நெற்றி சுருங்கும், கண் பெரும்பாலும் மூடும். வாய் மட்டும் கோணும். ஆகவே "புருவத்தைத் தூக்குங்கள்" என்று சொல்லிப் பார்ப்பதே முதல் சோதனை. கூடவே இரு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லுங்கள், ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். கை தாழ்ந்தாலோ பேச்சு குழறினாலோ பக்கவாதம் என்றே கருதுங்கள்.

ஆனால் மூளைத்தண்டில் வரும் பக்கவாதம் சில வேளைகளில் முகவாதம் போலவே தோன்றும். எனவே வாய் கோணிய எவரையும் 108 ஆம்புலன்சில் ஏற்றி, சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்வதே முறை. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பக்கவாதம் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தை நினைவில் வைத்துச் சொல்லுங்கள். விழுங்கும் ஆற்றல் போயிருக்கலாம் என்பதால் வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்கக் கூடாது. முகவாதமாகவே இருந்தாலும் ஸ்டீராய்டு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் மிகுதி. சர்க்கரை நோயாளிகளுக்கு அதை மருத்துவரின் கண்காணிப்பில் கொடுக்க வேண்டும். மூடாத கண்ணுக்குப் பகலில் சொட்டு மருந்தும் இரவில் களிம்பும் கட்டும் தேவை. இல்லையெனில் கருவிழி காய்ந்து புண்ணாகும். பெரும்பாலோர் சில மாதங்களில் முழுமையாகத் தேறிவிடுகிறார்கள். காற்றுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. அப்பச்சியை இனிமேலும் சன்னலோரத்தில் உட்காரவிடலாம்.

கேள்வி: இரண்டு மாதக் கொள்ளுப்பேத்திக்கு உச்சிக்குழி துடிக்கிறது. மகள் எண்ணெய் வைக்க விடமாட்டேன் என்கிறாள். யார் சொல்வது சரி?
— வாசகி, கண்டனூர்

பதில்: துடிப்பது இயல்பு. முன் உச்சிக்குழி பொதுவாக ஒன்றரை வயதுக்குள் மூடும். பின்னால் உள்ள சிறிய குழி இரண்டு மூன்று மாதங்களிலேயே மூடிவிடும். குழந்தை அழாமல் நிமிர்ந்து இருக்கும்போது குழி புடைத்திருந்தாலும், வயிற்றுப்போக்கின்போது உள்வாங்கினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உச்சியில் சிறிது எண்ணெய் தடவுவதால் கேடில்லை. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட்டு ஊதுவதும், தலையை உருட்டிப் பிடிப்பதும் கூடாது, ஏனெனில் மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவை உண்டாக்கும். ஆக, உங்களுக்குப் பாதி, மகளுக்குப் பாதி.

கேள்வி: எங்கள் ஊரில் நடக்கும் முகாமில், எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கும் சலுகைக் கட்டணத்தில் கழுத்து ஸ்கேன் எடுக்கிறார்கள். வலியில்லாத நோயே ஆபத்து என்று நீங்கள் முன்பே எழுதியிருப்பதால், குடும்பத்தில் அனைவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம்.
— வாசகர், கோட்டையூர்

பதில்: நான் எழுதியது கண்ணுக்கோ கைக்கோ தட்டுப்பட்ட வலியில்லாத மாற்றத்தைப் பற்றி. எதுவும் தட்டுப்படாதவர் கழுத்தை ஸ்கேன் எடுத்துக் கட்டி தேடுவது வேறு, அதை நான் பரிந்துரைப்பதில்லை. தென்கொரியாவில் 1999-இல் அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியபோது, பல மருத்துவமனைகள் கூடுதல் கட்டணத்துக்குத் தைராய்டு ஸ்கேனையும் சேர்த்தே எடுத்தன. 2011-இல் அங்கே கண்டறியப்பட்ட தைராய்டுப் புற்றின் அளவு 1993-ஐப் போல் 15 மடங்காகியது. அந்த நோயால் இறப்பவர்களின் விகிதமோ மாறவே இல்லை. வாழ்நாள் முழுவதும் தொல்லை தந்திராத நுண்ணிய கட்டிகளுக்காகப் பல்லாயிரம் பேர் சுரப்பியை இழந்து, ஆயுள் முழுவதும் மாத்திரை உண்கிறார்கள். சிலருக்குக் குரலும் பாதிக்கப்பட்டது.

பயனுள்ள பரிசோதனைக்கு உதாரணம் அருகிலேயே உள்ளது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளில் 1996-இல் தொடங்கி நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் விளக்கு வெளிச்சத்தில் மக்களின் வாயைப் பார்த்தார்கள். 2005-இல் வெளியான முடிவுகளின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. எனவே முகாம் நடத்துபவர்களிடம் ஸ்கேனுக்குப் பதிலாக, பல் மருத்துவர் ஒருவரை அமர்த்தி, 30 வயதைக் கடந்தவர்களில் வெற்றிலை பாக்கு, புகையிலை, மது ஆகியவற்றில் ஏதேனும் ஒரு பழக்கம் உள்ள அனைவரின் வாயையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஸ்கேனுக்காக எடுத்து வைத்த பணம் உங்களிடமே இருக்கட்டும்.